பச்சை ஸ்டாருக்கு அரை மதிப்பு

சித்தூர் விஜயசிகரா டேலண்ட் ஸ்கூலில் கணக்கு வாத்தியாராக இருந்த ஜெகநாதனுக்கு ‘மோட்டிவேஷன் இன்சார்ஜ்’ பதவி கிடைத்ததற்கு ஒரே காரணம், அவர் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்ததுதான். வேறு தகுதி இருந்ததாக அவரே ஒருநாளும் சொல்லிக்கொண்டதில்லை.

ஜூன் மாதம், பள்ளி திறந்த முதல் சனிக்கிழமை. கரஸ்பாண்டெண்ட் ஹரிபாபு திருப்பதியில் ஒரு ஹோட்டலில், பள்ளி நடத்துகிறவர்களுக்கான இரண்டு நாள் பயிற்சியை முடித்துவிட்டுத் திரும்பியிருந்தார். போகும்போது கையை வீசிக்கொண்டு போனவர், வரும்போது ஒரு அட்டைப்பெட்டி நிறைய மஞ்சள் நட்சத்திர ஸ்டிக்கர்களும், கழுத்தில் கழற்ற மறந்த அடையாள அட்டையும், கால் மணி நேரத்து விஷயத்தை இரண்டரை மணி நேரம் பேசும் ஆற்றலும் கொண்டுவந்தார்.

“குழந்தைங்க மூளையில ஒரு பட்டன் இருக்கு,” என்றார் ஆசிரியர் கூட்டத்தில். “அதை அமுக்கினா படிக்கும். இத்தனை வருஷமா நாம என்ன பண்ணினோம்? காதைத் திருகினோம். பட்டன் காதுல இல்லைங்கறது எனக்கே திருப்பதியிலதான் தெரிஞ்சுது.”

ஆசிரியர்கள் எல்லோரும் தலையைக் குனிந்து நோட்டில் ஏதோ எழுதிக்கொண்டிருந்தார்கள். ஜெகநாதன் மட்டும் மேலே பார்த்தார். அந்த அறையின் மின்விசிறி ஒவ்வொரு மூன்றாம் சுற்றுக்கும் ‘டொக்’ என்று ஒரு சத்தம் போடும். சில சமயம் நான்காம் சுற்றுக்குப் போட்டது. அது ஏன் என்று அவர் எண்ணிக்கொண்டிருந்தபோது தன் பெயர் காதில் விழுந்தது.

“ஜெகநாதன் ஸாரைப் பாருங்க! எல்லாரும் கீழ பாக்கறாங்க, அவர் மேல பாக்கறார். விஷன் இருக்கிறவங்கதான் மேல பாப்பாங்க. மோட்டிவேஷன் இன்சார்ஜ் அவர்தான்.”

மற்றவர்கள் கைதட்டினார்கள். தப்பித்தவர்களின் கைதட்டல் எப்போதும் கொஞ்சம் பலமாகவே இருக்கும்.

முதல் வேலை, விதிகள் எழுதுவது. வேண்டாவெறுப்பாகத்தான் உட்கார்ந்தார். ஆனால் மூன்றாவது விதிக்கு வரும்போது அவருக்கு அதில் ருசி தட்டிவிட்டது. ஒரு பீரியட் முழுக்க அசையாமல் உட்கார்ந்தால் ஒரு ஸ்டார். கை தூக்கிவிட்டுப் பேசினால் ஒரு ஸ்டார். மாதக் கடைசிச் சனிக்கிழமை, யாருக்கு ஸ்டார் அதிகமோ அந்தக் குழந்தை மேடையில் கரஸ்பாண்டெண்ட் பக்கத்தில் ‘கோல்டன் சேரில்’ உட்காரும். அது ஜரிகைத் தாள் ஒட்டிய பிளாஸ்டிக் நாற்காலி. மொத்தம் பதினேழு விதிகள். ஒன்பதாவது விதி, அவருடைய சொந்தச் சரக்கு: ‘எந்தக் குழந்தையின் ஸ்டார் எண்ணிக்கையாவது ஒரே மாதத்தில் இரண்டு மடங்குக்கு மேல் உயர்ந்தால், அதற்கான காரணத்தை ரிஜிஸ்டரின் கடைசிக் கட்டத்தில் எழுத வேண்டும்.’ தங்களிடம் டியூஷன் படிக்கிற பிள்ளைகளுக்கு ஸ்டாரை வாரி இறைக்கிற ஆசிரியர்களை மடக்குவதற்காக அதைச் சேர்த்தார். எழுதி முடித்து, ஒரு தடவை படித்துப் பார்த்து, தன்னையே மெச்சிக்கொண்டு, அன்று வீட்டில் கூடுதலாக ஒரு காபி கேட்டு வாங்கிக் குடித்தார்.

ஜெகநாதன் வகுப்பாசிரியராக இருந்த மூன்றாம் வகுப்பு பி பிரிவில் ஹரிதா என்று ஒரு பெண் இருந்தாள். ஜூன் மாதம் அவள் வாங்கிய ஸ்டார் பூஜ்யம். ஜூலையில் ஒன்று. அதுவும் அவள் காய்ச்சலில் ஒரு வாரம் வராதபோது, ‘வாரம் முழுக்க வகுப்புக்குத் தொந்தரவு தரவில்லை’ என்று வைஸ் பிரின்ஸிபால் சுரேஷ்பாபு கொடுத்தது.

அவள் படிக்காத பெண் இல்லை. கேள்வி முடிவதற்குள் அவளிடமிருந்து பதில் வந்துவிடும். சில சமயம் அது அடுத்த கேள்விக்கான பதிலாக இருக்கும். ஒரு பீரியடில் ஏழு தடவை எழுந்து நிற்பாள். எதற்கு எழுந்தோம் என்று எட்டாவது தடவை எழுந்து யோசிப்பாள். அழிப்பான் தினம் ஒன்று தொலையும். திட்டினால் அழமாட்டாள். திட்டி முடிக்கும் முன்பே ஜன்னலில் வந்து உட்கார்ந்த மைனாவைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்துவிடுவாள். ஜெகநாதன் ஒரு தடவை அவளைத் திட்டுவதை நிறுத்திவிட்டு மைனாவைப் பார்த்திருக்கிறார். ஆனால் அதை அவர் யாரிடமும் சொல்லவில்லை.

அவளுடைய அம்மா பிரேமலதாவுக்குச் சித்தூர் பழக்கூழ் ஃபேக்டரியில் இனிப்பு சரியாக இருக்கிறதா என்று சோதிக்கும் லேபில் வேலை. வீடு குடிபாலாவில். தினம் ஸ்கூட்டரில் பெண்ணை இறக்கிவிட்டு வேலைக்குப் போவாள். அப்பா ரமணா ஸ்ரீ சிட்டியில் ஒரு கம்பெனியில் இருந்தார். ஞாயிற்றுக்கிழமை மட்டும் வீடு. ஆகஸ்டு முதல் வாரம் ஒரு சாயங்காலம் பிரேமலதா வகுப்பு வாசலில் வந்து நின்றாள்.

“ஸார், ஒரு சங்கதி. உங்ககிட்ட மட்டும் சொல்றேன். பாப்பாவைத் திருப்பதியில ஒரு டாக்டரம்மாகிட்ட காமிச்சோம். நாலு வாட்டி வரச்சொல்லிப் பாத்தாங்க. கவனம் நிக்காத குறைன்னாங்க. இவ வோணும்னு பண்ணலையாம் ஸார். காலைல ஒரு மாத்திரை குடுத்துகினு கீறோம்.”

“நல்லதும்மா.”

“யார்கிட்டயும் சொல்லிடாதீங்க. எங்க ஊர்ல மாத்திரைன்னா உடனே பைத்தியம்னு முடிச்சிருவாங்க.”

“நான் ஏம்மா சொல்லப் போறேன்?”

அவர் சொல்லவில்லை. இன்றுவரை அவர் யாரிடமும் வாயைத் திறந்து சொன்னதில்லை. இதை அவர் பிற்பாடு தனக்குத்தானே பல தடவை எடுத்துச் சொல்லிக்கொண்டார், ஒரு தடவையும் ஆறுதல் கிடைக்கவில்லை.

ஆகஸ்டில் ஹரிதா மாறினாள். அற்புதம் எதுவும் நடந்துவிடவில்லை. அழிப்பான் ஒருநாள் விட்டு ஒருநாள் தொலைந்தது. மத்தியானச் சோற்று டப்பா பாதி அப்படியே திரும்பியது. ‘சாப்பிடச் சொல்லுங்க ஸார், மாத்திரைக்குப் பசி மட்டுப்படுமாம்’ என்று பிரேமலதா கேட்டுக்கொண்டாள். சாயங்காலம் வந்தால் பழைய ஹரிதா. ஆனால் காலை வேளைகளில் அவள் ஒரு கணக்கை ஆரம்பித்த இடத்திலிருந்து முடித்த இடம் வரைக்கும் போனாள். ஒருநாள் பத்து வகுத்தல் கணக்கையும் போட்டு முடித்துவிட்டு, நோட்டின் அட்டையைத் திருப்பி, அது தன் பெயர்தானா என்று பார்த்துக்கொண்டாள்.

மாதக் கடைசியில் அவளுக்குப் பதினாலு ஸ்டார்.

ஜெகநாதன் ரிஜிஸ்டரோடு உட்கார்ந்தார். ஒன்றிலிருந்து பதினாலு. ஒன்பதாவது விதி குறுக்கே நின்றது. கடைசிக் கட்டம் காலியாக அவரைப் பார்த்தது. ‘முயற்சி’ என்று எழுதியிருக்கலாம். ‘தெய்வ அருள்’ என்றுகூட எழுதியிருக்கலாம், ஹரிபாபு சந்தோஷப்பட்டிருப்பார். ஆனால் கணக்கு வாத்தியார்களுக்கு ஒரு வியாதி உண்டு. விடை தெரிந்தால் எழுதாமல் இருக்க முடியாது. அழகான கையெழுத்தில், ‘டாக்டர் கொடுக்கும் மாத்திரை’ என்று எழுதி, அடியில் கோடும் போட்டார்.

மூன்றாம் நாள் அலுவலகத்திலிருந்து கூப்பிட்டார்கள்.

ஹரிபாபுவின் அறையில் சுரேஷ்பாபு ஏற்கெனவே உட்கார்ந்திருந்தார். எந்தத் தீர்வைக் கொடுத்தாலும் அதற்குள் ஒரு பிரச்சினையைக் கண்டெடுக்கக்கூடியவர் என்று பள்ளியில் அவருக்கு நல்ல பெயர்.

“இப்ப கேள்வி என்னன்னா, அந்தப் பதினாலு ஸ்டாரும் பொண்ணோடதா, மாத்திரையோடதா?” என்றார் சுரேஷ்பாபு.

“ரெண்டும் இல்ல. நம்மோடது,” என்றார் ஹரிபாபு. “நாம ஸ்டார் குடுத்தோம், அவ படிச்சா. மாத்திரையாலதான் படிச்சான்னு வெளிய போச்சுன்னா நம்ம மோட்டிவேஷன் கதி என்ன? நான் கேட்ல பேனர் கட்டிட்டேனேய்யா! குழந்தையைப் பத்தி எனக்கும் அக்கறை உண்டு. ஆனா குழந்தை வருஷா வருஷம் மாறும். பேனர் மாறாது.”

“அப்ப அந்த ஸ்டாரை ரத்து பண்ணிடலாமா?”

“ரத்து பண்ணினா மனிதாபிமானம் இல்லைம்பாங்க. பாதி வெச்சுக்கலாம். பாதி நீதி, பாதி மனிதாபிமானம்.”

அப்படித்தான் பதினெட்டாவது விதி பிறந்தது: மாத்திரை சாப்பிடும் குழந்தைகளுக்குப் பச்சை ஸ்டார்; ஒரு பச்சை ஸ்டாருக்கு அரை மதிப்பு. மரம் நடும் விழாவில் மிஞ்சிய பச்சை ஸ்டிக்கர்கள் பீரோவில் இருந்ததால் நிறத்தைப் பற்றி விவாதம் எழவில்லை. ஜெகநாதன் அந்த இடத்தில் ஏதாவது சொல்லியிருக்க வேண்டும். சொன்னார். அவர் சொன்னது இதுதான்: “பதினாலை ரெண்டால வகுத்தா ஏழு ஸார். மீதி வராது.”

“அதான் உங்களை இன்சார்ஜாப் போட்டேன்,” என்றார் ஹரிபாபு.

மறுநாள் காலை வகுப்புச் சுவரில் ஹரிதாவின் பெயருக்கு எதிரே பச்சை ஸ்டார்கள் ஒட்டப்பட்டன. ஏன் பச்சை என்று பிள்ளைகள் கேட்டார்கள். ஜெகநாதன் பதில் சொல்லாமல் வாய்ப்பாடு சொல்லச் சொன்னார். மத்தியானத்துக்குள் அவர்களே கண்டுபிடித்துவிட்டார்கள். அலுவலகத்தில் ஒருவர் பார்த்தது பியூனுக்கு, பியூனிடமிருந்து ஆட்டோக்காரருக்கு, ஆட்டோவிலிருந்து வகுப்புக்கு. “பச்சை ஸ்டாரு, மாத்திரை ஸ்டாரு” என்று ஒரு பாட்டே தயாராகிவிட்டது.

பெற்றோர் கூட்டத்தில் இரண்டு கட்சிகள் கிளம்பின. இரும்புக்கடை தாமோதரன் முதலில் எழுந்தார்.

“மாத்திரை துன்னுட்டு ஓடறவனை ஆட்டத்துலருந்தே தள்ளி வெக்கறாங்க. இங்க அதுக்கு அரை ஸ்டாரா? என் பையன் வெறும் இட்லி துன்னுட்டுப் பதினொண்ணு வாங்கறான் ஸார்!”

கைதட்டல் எழுந்தது. அவர் உட்கார்ந்தார். உட்கார்ந்தவர் ஒரு நிமிடம் யோசித்துவிட்டு மறுபடியும் எழுந்தார்.

“சரி, அந்த மாத்திரை பேரு இன்னா? சொல்லுங்க, நானும் வாங்கித் தரேன். பதினொண்ணுலயே நின்னுகினு கீறான்.”

இதற்கு முன்னதைவிடப் பலமான கைதட்டல். இரண்டு கட்சிக்கும் அவர் ஒருவரே தலைவராகிவிட்டார். ஹரிபாபு இரு கைகளையும் உயர்த்தி, ஸ்டாரில் மாத்திரையின் பங்கு எத்தனை சதவீதம் என்று சம்பந்தப்பட்ட டாக்டரிடமே எழுத்துமூலம் வாங்கப்படும் என்று அறிவித்தார். பள்ளிச் சின்னம் பொறித்த தாளில் கடிதம் தயாரானது. கொண்டுபோக வேண்டியது, இன்சார்ஜ்.

ஜெகநாதன் பஸ் ஏறித் திருப்பதி போனார். டாக்டர் தரணியின் கிளினிக்கில் இருபத்திரண்டாம் நம்பர் டோக்கன். பக்கத்து நாற்காலியில் ஒரு குழந்தை அவர் செருப்பின் வாரைக் கழற்றி மாட்டிக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தது. அவரும் காலை நீட்டிக் கொடுத்தார். இருவருக்கும் பொழுது போனது.

டாக்டர் கடிதத்தைப் படித்தார். பேனாவை மூடிக் கீழே வைத்தார்.

“இந்தப் பேர்ல ஒரு குழந்தை இங்க வருதா வரலையான்னே நான் உங்களுக்குச் சொல்லக்கூடாது. உங்களுக்கு யார் சொன்னாங்க?”

“அவங்கம்மா, மேடம்.”

“எல்லாருக்குமா?”

“எனக்கு மட்டும்.”

டாக்டர் கடிதத்தை அவர் பக்கம் திருப்பினார். குழந்தையின் பெயர், வகுப்பு, பிரிவு, அப்பா பெயர், அடியில் விளக்குப் படம் போட்ட வட்டமான சீல். ஜெகநாதன் சீலையே பார்த்துக்கொண்டிருந்தார். அது கொஞ்சம் சாய்ந்து விழுந்திருந்தது.

“சதவீதம் கேட்டிருக்காங்க மேடம்,” என்றார்.

டாக்டர் சிரிப்பார் என்று நினைத்தார். சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலை.

“பொதுவாச் சொல்றேன், யாரைப் பத்தியும் இல்ல. இந்த மாதிரிக் குழந்தைக்குத் தூரத்துல இருக்கிற பரிசு கண்ணுக்கே தெரியாது. மாத்திரை, அவளை ஒரு இடத்துல கொஞ்ச நேரம் நிக்க வைக்கும். நின்ன நேரத்துல அவ ஒண்ணு செஞ்சா, செஞ்ச அந்த நிமிஷமே ‘சரியாச் செஞ்சே’ன்னு ஒருத்தர் சொல்லணும். ரெண்டும் சேந்தாதான் பிடிப்பு வரும். சில பேருக்கு ரெண்டாவது நல்லா இருந்தா முதலாவது கொஞ்சமா இருந்தாலே போதும். உங்க ஸ்டாருக்குப் பரிசு எப்ப?”

“மாசக் கடைசிச் சனிக்கிழமை.”

“அது அவளுக்கு அடுத்த ஜென்மம் ஸார். யார் யோசனை?”

பொய் சொல்ல நல்ல வாய்ப்பு. ஹரிபாபுவின் பெயர் நாக்கு நுனிவரை வந்தது. “என்னோடதுதான்,” என்றார்.

“மத்த பேரண்ட்ஸும் மாத்திரை பேரு கேக்கறாங்க மேடம்,” என்றும் சேர்த்துக்கொண்டார், விஷயம் மாறட்டும் என்று.

“இது மிட்டாய் இல்ல. தேவைப்படாத குழந்தைக்குக் குடுத்தா கெடுதல். போய்ச் சொல்லுங்க. வேற ஒண்ணும் நான் எழுதித் தர மாட்டேன்.”

திரும்பி வரும் பஸ்ஸில் அவர் ஒரு முடிவுக்கு வந்தார். பதினெட்டாவது விதியை ஒழித்துவிட வேண்டும். நேராக எதிர்த்துப் பேசும் தைரியம் தன்னிடம் இல்லை என்பது அவருக்குத் தெரியும். ஆகவே தர்க்கத்தால் மடக்குவது என்று தீர்மானித்தார். சித்தூர் வந்து சேர்வதற்குள் தர்க்கம் பிரமாதமாகத் தயாராகிவிட்டது.

“ஸார், மாத்திரைக்கு அரைன்னா, கண்ணாடி போட்ட குழந்தைக்கு எவ்வளவு?” என்று விதிகளுக்காகக் கூடிய கமிட்டியில் கேட்டார். கேட்டுவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். கண்ணாடியைக் கழற்றினால் அந்தப் பிள்ளைக்குப் போர்டு தெரியாது. அதற்காக ஸ்டாரைக் குறைப்பார்களா? விதி இங்கே உடைந்தே ஆக வேண்டும்.

ஹரிபாபு நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். “சபாஷ்! இது எனக்குத் தோணவே இல்ல பாருங்க. கண்ணாடிக்குக் கால் பங்கு குறைக்கணும். எழுதிக்கோங்க சுரேஷ்பாபு.”

ஜெகநாதன் விடவில்லை. இன்னும் பலமாக அடித்தார். “வீட்டுல அம்மா சொல்லிக்குடுக்கிற குழந்தை?”

“அரை.”

“பாதாம் பால் குடிக்கிற குழந்தை?”

“மூளைக்கு ஆகும்னுதானே குடுக்கறாங்க? முக்கால்.”

“பி.பி. மாத்திரை போட்டுக்கினு பாடம் எடுக்கிற வாத்தியார்?”

தினம் காலையில் பி.பி. மாத்திரை போட்டுக்கொள்ளும் சுரேஷ்பாபு எழுதுவதை நிறுத்தினார். “அது உடம்புக்கு. இது மூளைக்கு.”

“பி.பி. எங்க ஸார் ஏறுது?”

“ஸ்டாஃபுக்கு விதி கிடையாது,” என்று ஹரிபாபு முடித்துவைத்தார். “விதி யாருக்குன்னா, கேள்வி கேக்க முடியாதவங்களுக்கு.”

மூன்று மணி நேரத்தில் விதிகள் முப்பத்தொன்றாயின. எந்த உதவியும் இல்லாமல் வளரும் குழந்தைக்கு ‘ப்யூர் ஸ்டார்’ விருது என்றும் முடிவானது. மருந்து, கண்ணாடி, டியூஷன், படித்த அண்ணன், சத்து மாவு எல்லாம் கேட்டு இருபத்திரண்டு கேள்விகள் கொண்ட படிவம் எல்லா வீட்டுக்கும் போனது. ஜெகநாதன்தான் தயாரித்தார். ஒரு விதியை ஒழிக்கப் போனவர் பதிமூன்று விதிகளோடு திரும்பியது, தாம் வாழ்க்கையில் எடுத்த முயற்சிகளுக்கெல்லாம் பொதுவான பலன்தான் என்று அவருக்குப் பட்டது.

அந்த வாரம் திங்கட்கிழமையிலிருந்தே ஹரிதா பழையபடி ஆகியிருந்தாள். செவ்வாய்க்கிழமை பெஞ்சிலிருந்து விழுந்தாள். புதன்கிழமை வேறொருத்தியின் நோட்டில் கணக்கு போட்டாள். வெள்ளிக்கிழமை மத்தியானம், வேலைக்கு நடுவில், கொய்யாக் கூழ் வாசனை வீசும் ஃபேக்டரி கோட்டோடு பிரேமலதா வந்து நின்றாள். உள்ளங்கையில் நாலு மாத்திரை.

“பென்சில் டப்பாவுல கிடந்துது ஸார். முழுங்கினா மாதிரி காட்டிட்டு, எட்த்து ஒளிச்சு வெச்சிகினு கீறா. கேட்டா, ‘எனக்கு மஞ்ச ஸ்டாரு வோணும், மாத்திரை துன்னா பச்சைதான் தருவாங்க’ங்கறா.” அவள் குரல் உயரவில்லை. “உங்ககிட்ட மட்டும்தானே சொன்னேன்?”

“நான் யார்கிட்டயும் சொல்லலம்மா,” என்று ஆரம்பித்தார். அதற்கு மேல் அந்த வாக்கியத்தைக் கொண்டுபோகாமல் மாற்றிக்கொண்டார். “எழுதினேன்.”

“எழுதினீங்களா? எதுக்கு?”

“ரிஜிஸ்டர்ல ஒரு கட்டம் காலியா இருந்துது.”

பிரேமலதா அவரைப் பார்த்தாள். லேபில் கெட்டுப்போன கூழை ஒதுக்குகிறவளின் பார்வை அது, கோபம்கூட இல்லை.

“என் பொண்ணைப் போட்டு ரொப்பிட்டீங்க,” என்றாள். “டாக்டரம்மாகிட்ட காமிச்ச நாள்லருந்து இவகிட்ட ஒண்ணுதான் சொல்லிகினு இருந்தேன் ஸார், உன்கிட்ட தப்பு ஒண்ணும் இல்லடின்னு. ஒரு ஸ்டிக்கர்ல அழிச்சிட்டீங்க.”

அடுத்த வாரம் முழுக்க ஹரிதா பள்ளிக்கு வரவில்லை. பிரேமலதா டி.சி. கேட்டு அலுவலகத்துக்கு ஃபோன் செய்ததாகப் பேச்சு.

செப்டம்பர் கடைசிச் சனிக்கிழமை ஸ்டார் டே. முந்நூற்றுப் பன்னிரண்டு குழந்தைகளின் படிவங்களையும் சலித்ததில் எந்த உதவியும் இல்லாத ஒரே ஒரு குழந்தை தேறியிருந்தது: நாலாம் வகுப்பு பரணி. இருபத்திரண்டு கட்டமும் காலி. காரணம், படிவம் அவள் வீட்டுக்குப் போய்ச் சேரவே இல்லை. ஜூன் இரண்டாம் வாரமே அவள் குடும்பம் கட்டட வேலைக்கு ஏர்பேடு பக்கம் போய்விட்டது. ஜெகநாதன் இதை எடுத்துச் சொன்னார். அவளுடைய ஸ்டார் எண்ணிக்கை பூஜ்யம் என்பதையும் சொன்னார்.

“பூஜ்யமா இருந்தா என்ன?” என்றார் ஹரிபாபு. “சுத்தமான பூஜ்யம். யார் கையும் படாதது.”

ஆகவே மேடையில், ஓய்வுபெற்ற கல்வி அதிகாரி ஒருவர் தலைமை விருந்தினராக வீற்றிருக்க, அவர் பக்கத்தில் ஜரிகை நாற்காலி காலியாக இருந்தது. அதன் முதுகில் ஒரு ரோஜா மாலை போட்டிருந்தார்கள். பின்வரிசையில் இருந்த பெற்றோர் சிலர், யாரோ போய்விட்டார்கள் என்று நினைத்து எழுந்து நின்று வணங்கினார்கள்.

“இந்த நாற்காலியைப் பாருங்க,” என்று ஹரிபாபு மைக்கில் முழங்கினார். “இதுதான் நம்ம ஸ்கூல் உருவாக்க நினைக்கிற மாணவி! சத்தம் போடாது. எழுந்திரிக்காது. கேள்வி கேக்காது. இந்த லெவலுக்கு எல்லாக் குழந்தைகளையும் கொண்டுவரணும், அதுதான் என் கனவு!”

பிறகு விருதுக் குறிப்பைப் படிக்க இன்சார்ஜை அழைத்தார். ஜெகநாதன் மைக் முன்னால் நின்றார். கையில் இருந்த தாளில் ‘அன்புச் செல்வி பரணி’ என்று ஆரம்பித்திருந்தது. தாளை மடித்துப் பையில் வைத்தார்.

“அந்தக் குழந்தை ஊர்ல இல்ல,” என்றார். “இன்னொரு குழந்தை இருக்கு. பேர் சொல்ல மாட்டேன், ஒரு தடவை எழுதிக் கெடுத்தது போதும். அதோட அம்மா என்னை நம்பி ஒண்ணு சொன்னாங்க. நான் அதை ரிஜிஸ்டர்ல எழுதினேன். யாரும் என்னைக் கட்டாயப்படுத்தல. அந்த விதியை எழுதினவனும் நான்தான். அந்தக் குழந்தை போட்ட கணக்கை ரெண்டால வகுத்தவனும் நான்தான். தப்பு. இனிமே என் வகுப்புல ஸ்டார் கிடையாது.”

வேலை போய்விட்டது என்று நினைத்தார். தாமோதரன்தான் முதலில் கைதட்டினார். அரங்கம் முழுக்கத் தட்டியது. இதுவும் நிகழ்ச்சியில் ஒரு ஐட்டம் என்று எல்லோரும் நினைத்துவிட்டார்கள்.

ஹரிபாபு பாய்ந்து வந்து மைக்கை வாங்கினார். “பாத்தீங்களா! இதுதான் நம்ம ஸ்கூலோட ஒளிவுமறைவில்லாத நிர்வாகம்! எந்த ஸ்கூல்ல ஒரு வாத்தியார் இப்படி ஒத்துக்குவார்? ஸ்டார் இல்லாத வகுப்பு! இதையே அடுத்த வருஷம் புதுத் திட்டமா எல்லா வகுப்புக்கும் கொண்டுவரோம். இன்சார்ஜ், ஜெகநாதன் ஸார்!”

சுரேஷ்பாபு ஓடிவந்து ஜெகநாதனின் சட்டைப்பையில் ஒரு மஞ்சள் ஸ்டாரை ஒட்டினார். அதை உரிக்கப் பார்த்தபோது சட்டைத் துணியும் சேர்ந்து கிழிந்தது.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை காலை அவர் குடிபாலாவுக்குப் போனார். ரமணா வாசலில் ஸ்கூட்டரைக் கழுவிக்கொண்டிருந்தார். யாரென்று தெரிந்ததும் குழாயை மூடாமலே நிமிர்ந்து பார்த்தார். உள்ளே பிரேமலதா ஒரு கையில் தண்ணீர் டம்ளரும் மறு கையில் மாத்திரையுமாக நின்றிருந்தாள். ஹரிதா கட்டிலுக்கு அடியில் இருந்தாள்.

“தப்பு என்னோடது,” என்றார் ஜெகநாதன், வாசற்படியில் நின்றபடியே. “மன்னிச்சிடுங்கன்னு கேக்க வரல. டி.சி. கேட்டீங்கன்னா நானே எழுதித் தரேன். இல்ல அனுப்பினீங்கன்னா, என் வகுப்புச் சுவர்ல இனிமே ஒண்ணும் இருக்காது. அதைச் சொல்லிட்டுப் போகத்தான் வந்தேன்.”

கட்டிலுக்கு அடியிலிருந்து தலை மட்டும் வெளியே வந்தது.

“ஸார், வகுத்தல் கணக்கு பத்தும் நான் போட்டனா, மாத்திரை போட்டுதா?”

இதற்கு டாக்டர் சொன்னதெல்லாம் அவர் மனதில் வரிசையாக இருந்தது. “மூளையில வந்து பாப்பா...” என்று தொடங்கினார். அதற்குள் அவள் பார்வை வாசலில் படுத்திருந்த நாயிடம் போய்விட்டது. அவர் நிறுத்தினார். வேறு வழி தெரியவில்லை.

“எனக்குத் தெரியல. மாத்திரைக்கு வாய்ப்பாடு தெரியுமான்னு நீயே கேட்டுப் பாரேன்.”

ஹரிதா வெளியே வந்தாள். அம்மாவின் கையிலிருந்து மாத்திரையை எடுத்துத் தன் உள்ளங்கையில் வைத்துக்கொண்டாள். முகத்தை அதன் பக்கத்தில் கொண்டுபோனாள்.

“ஏழெட்டு எவ்ளோ?”

காத்திருந்தாள். ரமணா குழாயை மூடினார். அவள் யாருடைய பதிலுக்கும் இவ்வளவு நேரம் காத்திருந்து ஜெகநாதன் பார்த்ததில்லை. மாத்திரையைக் காதருகே வைத்துக் கேட்டாள். மறுபடியும் கைக்குக் கொண்டுவந்தாள்.

“ஏழெட்டு எவ்ளோன்னேன்?”

ஒன்றும் வரவில்லை.

“அம்பத்தாறு, மக்கு!” என்று அதனிடம் சொல்லிவிட்டு, வாயில் போட்டுத் தண்ணீரைக் குடித்தாள். நாக்கை நீட்டி அம்மாவிடம் காட்டினாள்.

“நாளைக்கு இன்னா கணக்கு ஸார்?” என்று கேட்டவள், பதிலுக்கு நிற்காமல் நாயைத் துரத்திக்கொண்டு தெருவில் ஓடினாள். மாத்திரை வேலை செய்ய இன்னும் அரை மணி நேரம் இருந்தது.